ஒரு கீறல்கூட விழாதவர்

“இடிக்கிறது இஞ்சினா, மனுசனா? அத்த ஒண்டி சொல்லுபா” என்றார் அரங்கநாதன்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் பாக்யராஜ் கையிலிருந்த காப்பி ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. அரங்கநாதனின் காருக்கு அன்றோடு பாலிசி முடிகிறது. புதுப்பிக்க அவர் ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும். அந்த ஒரு வார்த்தையைத் தவிர தமிழில் உள்ள மற்ற வார்த்தைகளெல்லாம் மத்தியானத்திலிருந்து வந்துகொண்டிருந்தன.

“உங்க பாலிசில பெரிய பங்கு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸுங்க ஐயா. உங்க கார் யாரையாவது இடிச்சிட்டா, அடிபட்டவங்களுக்குக் குடுக்கறது. அரசாங்கம் போட்ட ரேட்டு. இஞ்சின் சைஸை வெச்சித்தான் போடறாங்க.”

“அப்ப எனக்கும் ஒரே ரேட்டு. இதோ ஒக்காந்திருக்கானே, இவனுக்கும் ஒரே ரேட்டு.”

இவன் என்றது அவருடைய தங்கை மகன் முத்துக்குமரனை. அவனிடமும் அதே கம்பெனியின் அதே கார்தான் இருந்தது. அதன் ஒரு கதவில் திருக்கனூர் கடைத்தெருச் சுவரின் மஞ்சள் பெயிண்டும், இன்னொரு கதவில் ஏதோ கல்யாண மண்டபத்துத் தூணின் ரோஸும் ஒட்டியிருக்கும்.

“என்னை யாம் மாமா இழுக்கற? நான் சும்மாதான ஒக்காந்திருக்கேன்.”

“நீ சும்மா ஒக்காந்திருந்தா ஊருக்கே நல்லது. இவன் பண்றதுக்கும் சேத்து நான் யாம்பா கட்டணும்? காரு செவனேன்னு ஷெட்ல நிக்குது. அது யாரை இடிக்கப் போவுது? இடிக்கிறவன் மனுசன். இன்சூரன்ஸை மனுசன் மேல போடு. நல்லா ஓட்றவனுக்குக் கம்மி, இவன மேரி ஆளுக்கு ஜாஸ்தி.”

செல்லிப்பட்டு ஊர்க்காரர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. கரும்பு விவசாயிகள் சங்கத்தின் தலைவர் என்ற முறையில், ஆலை நிலுவையைப் பற்றிக் கேட்க வந்தவர்களிடம் அரங்கநாதன் இதை விளக்கியிருக்கிறார். மஞ்சள் நீராட்டு விழாவில் வாழ்த்துரை வழங்க எழுந்து இதைப் பேசியிருக்கிறார். ஒரு கருமாதிப் பந்தலில்கூடப் பேசினார். இறந்தவர் லாரி ஓட்டியவர் என்ற தொடர்பு இருந்தது.

“அடிபட்டவன் கார் நம்பரைத்தானுங்க குறிச்சிக்கறான்” என்றார் பாக்யராஜ். “ஓட்டனவன் எறங்கி ஓடிட்டா அப்பறம் அவன் யார்கிட்ட போய்க் கேப்பான்? அதுக்குத்தான் வண்டி மேல போடறது.”

“நான் ஓட மாட்டேன். கார் வாங்கின நாள்லேருந்து ஒரு கீறல் இல்ல. வந்து தடவிப் பாரு.”

பாக்யராஜ் எழுந்து போய்த் தடவிப் பார்த்தார். உண்மைதான். ஒரு கீறல் இல்லை.

இதையெல்லாம் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் அவருடைய மகள் புவனேஸ்வரி. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் வேலை. சனிக்கிழமை வந்து இறங்கியதும், அப்பா இனிமேல் கார் ஓட்டக் கூடாது என்று அறிவித்துவிட்டாள். கண்ணில் புரை விழ ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருக்கனூரிலிருந்து கண்ணையன் என்ற டிரைவர் திங்கட்கிழமை முதல் வருவதாக ஏற்பாடு. ஏரிக்கரை நிலத்தை அரசாங்கம் கையகப்படுத்தப் போகிறது என்று புரளி கிளம்பியபோதுகூட அரங்கநாதன் இப்படிக் கலங்கியதில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவனை ஊரில் யார் மதிப்பார்கள்? கூட்டத்துக்கு வந்தவர் என்று நினைக்க மாட்டார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்று நினைப்பார்கள்.

“கீறல் இல்லைன்றது சரிப்பா” என்றாள் புவனேஸ்வரி. “நீ எப்டி ஓட்றன்னு யாரு பாத்தாங்க? அம்மா உன் கார்ல ஏர்றதே இல்ல.”

அவளுடைய அம்மா விருத்தாம்பாள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். கணவரின் கார் ஓட்டும் திறமையைப் பற்றி அவள் இதுவரை யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை.

“சார் தெனமும் பத்து காரைப் பாக்கறவரு” என்று பாக்யராஜைக் காட்டினாள் புவனேஸ்வரி. “நீ முத்துவ விட நல்லா ஓட்றன்னு அவரு சொல்லட்டும். நான் டிரைவரை வேணாம்னு சொல்லிட்றேன்.”

“எனக்கு எப்டிங்க தெரியும்” என்றார் பாக்யராஜ். அந்த மத்தியானத்தில் அவர் செய்த முதல் தவறு அது.

“ஏறு” என்றார் அரங்கநாதன்.

பாக்யராஜ் முன் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். புவனேஸ்வரியும் முத்துக்குமரனும் பின்னால். அரங்கநாதன் வண்டியைக் கிளப்புவது ஒரு சடங்கு. கண்ணாடியைத் துடைப்பார். சீட்டை முன்னே தள்ளுவார், பிறகு பின்னே தள்ளுவார். முருகன் படத்தைத் தொட்டுக் கும்பிட்டு, இஞ்சினைக் கொஞ்ச நேரம் உறும விடுவார். விருத்தாம்பாள் வாசல்வரை வந்து பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே போனாள். அடுப்பில் ஏதோ இருந்திருக்கும்.

கார் புறப்பட்டது.

தெரு அவர் வீட்டில் தொடங்கி நேராகச் சங்கராபரணி ஆற்றில் போய் முடிகிறது. அரங்கநாதன் அதன் நட்டநடுவில் ஓட்டினார். இடது பக்கம், வலது பக்கம் என்கிற சில்லறை விஷயங்களுக்குள் அவர் போகவில்லை. வேகத்தடையை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. பாக்யராஜின் தலைதான் மேற்கூரையில் இடித்து அதை அறிவித்தது. ஆனால் தெருவில் ஒரு கோழி குறுக்கே வரவில்லை. ஒரு சைக்கிள் எதிரே வரவில்லை. வீட்டு வாசல்களில் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். பெரியவர்கள் குழந்தைகளின் தோளைப் பிடித்திருந்தார்கள்.

“பாத்தியா மரியாதைய?” என்றார் அரங்கநாதன். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரு பக்கமும் கும்பிட்டார். கார் தானாகவே கொஞ்ச தூரம் போயிற்று.

ஆற்றங்கரைச் சரிவுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

“ஆடு குறுக்க வந்துச்சா?”

“வரலைங்க.”

“மாடு?”

“அதுவும் வரலைங்க” என்றார் பாக்யராஜ்.

“யாம் வரல? ஓட்ற ஆளு அப்டி. இப்ப இவன் ஓட்டட்டும். அதே காரு, அதே தெரு.”

முத்துக்குமரன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வண்டியைத் திருப்பினான். மாமாவின் கார் என்பதால் அவன் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகத்தான் ஓட்டினான். ஆனால் சற்று முன் காலியாகக் கிடந்த தெரு நிரம்பியிருந்தது. ஒரு பக்கம் நெல் காய்ந்தது. நாலு பையன்கள் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள். ஒருத்தி நடுரோட்டில் உட்கார்ந்து இன்னொருத்திக்குப் பேன் பார்த்தாள். யாரோ உளுந்துச் செடியை, வண்டிச் சக்கரம் ஏறி உதிரட்டும் என்று ரோட்டின் குறுக்கே பரப்பியிருந்தார்கள். ஒரு கன்றுக்குட்டி துள்ளி வந்தது. முத்துக்குமரன் பிரேக் அடித்தான். கார் உளுந்தில் வழுக்கிப் போய்க் குடிநீர்க் குழாயின் சிமெண்டுத் திண்டில் உரசி நின்றது.

முன் கதவிலிருந்து பின் கதவுவரை ஒரு நீளமான கோடு. காரின் முதல் கீறல்.

அரங்கநாதன் இறங்கி அதைப் பார்த்தார். அவர் முகத்தில் பெண்ணுக்கு வரன் அமைந்தவர்போல ஒரு நிறைவு.

“நாம போம்போது இந்தக் கன்னுக்குட்டி இங்க இல்ல மாமா” என்றான் முத்துக்குமரன்.

“நான் ஓட்டும்போது இல்ல. நீ ஓட்டும்போது இருக்குது. அதுக்குப் பேர்தான்டா டிரைவிங்.” பிறகு ஏஜென்டிடம் திரும்பினார். “இந்தக் கீறலை இவன் பாலிசில போட்டுக்கோ.”

“அவரு பாலிசி அவரு காருக்குங்க ஐயா. இது உங்க கார். கிளைம் போட்டா, இத்தினி வருசம் கிளைம் போடாததுக்குக் கெடைக்கற உங்க நோ கிளைம் போனஸ்தான் போவும்.”

“இடிச்சது அவன் கை. அவன் கை அவன்கூடத்தான இங்க வந்துச்சி? அவன் காரு வூட்ல தூங்குது. தூங்கற காருக்கு போனஸ், ஒழுங்கா ஓட்டன எனக்கு தண்டனையா?”

பாக்யராஜ் இதோடு விட்டிருக்கலாம். “தம்பிக்குக் கவனம் பத்தலைங்க” என்றார். “நிதானமா ஓட்டினா யாரு ஓட்டினாலும் ஒண்ணும் ஆவாது.”

“அப்ப நீ ஓட்டு.”

காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பாக்யராஜ் மறுத்துப் பார்த்தார். கஸ்டமர் காரை ஓட்டக் கூடாது, கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு என்றார். “கையெழுத்து வேணுமா, வேணாமா?” என்றார் அரங்கநாதன். விருத்தாம்பாள் மறுபடி வாசலுக்கு வந்தாள். ஸ்டியரிங்கில் யார் என்று குனிந்து பார்த்தாள். கீறலைப் பற்றி ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

பாக்யராஜ் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சாலைப் பாதுகாப்பு பற்றி வகுப்பெடுப்பவர். முன்பின் பார்த்து, யாருமே இல்லாத பக்கத்துக்கும் இண்டிகேட்டர் போட்டு, மாட்டு வண்டி முந்திப் போகும் வேகத்தில் ஓட்டினார். பேன் பார்த்தவர்களிடம் கும்பிட்டு வழி கேட்டார். பையன்களின் ஓவர் முடியும்வரை காத்திருந்தார். பாதித் தெருவில் ஒரு பசுமாடு ரோட்டை அடைத்து நின்றது. ஹார்ன் அடித்தால் மிரளும் என்று, அதற்கு வழிவிடப் பின்னால் எடுத்தார்.

பின்னால் டமார் என்று ஒரு சத்தம். தொடர்ந்து டின் உருளும் சத்தம்.

அதே தெருவில் மாடு வளர்க்கும் தனக்கொடியின் மொபெட் கவிழ்ந்து கிடந்தது. பால் சொசைட்டிக்குக் கொண்டுபோகப் பின்னால் கட்டியிருந்த கேன் திறந்து, சாயங்காலப் பால் முழுவதும் தார் ரோட்டில் ஓடியது. காரின் பின் விளக்கு நொறுங்கியிருந்தது. நாய்களுக்கு யார் தகவல் சொன்னார்களோ, எல்லாம் வந்துவிட்டன.

“வண்டி வெக்கிற எடமாம்மா இது?” என்றான் முத்துக்குமரன், அனுபவஸ்தனாக.

“நான் வெச்சது வெச்ச எடத்துல இருந்துச்சி. காருதான் பின்னால வந்துச்சி” என்றாள் தனக்கொடி, கேனை நிமிர்த்தியபடி.

பாக்யராஜ் தாழ்ந்த குரலில், “பாலுக்கு நானே குடுத்துட்றேங்க. கிளைம் பேப்பர்ல எதும் வேணாம். ஓட்டனது யாருன்னு கேட்டா எம் பேரை எழுதணும்” என்றார்.

“கூடாது” என்றார் அரங்கநாதன். மேடை கிடைத்துவிட்ட குரல் அது. கூட்டமும் சேர்ந்திருந்தது. “இது பால் பிரச்சினை இல்ல, கொள்கைப் பிரச்சினை. ஒரே காரு. ஒரே தெரு. ஒரே இஞ்சின் சைஸு. நான் ஓட்டனேன், ஒரு எறும்பு சாவல. இவன் ஓட்டனான், கொழாயப் பேத்தான். பாடம் எடுக்கற நீ ஓட்டன, பாலைக் கவுத்துட்ட. இப்ப சொல்லு. இன்சூரன்ஸு காருக்கா, ஆளுக்கா?”

பாக்யராஜ் உடைந்த விளக்கைப் பார்த்தார். ஓடும் பாலைப் பார்த்தார். அவருடைய தொழிலின் அடிப்படையே அதோடு சேர்ந்து சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“ஆளுக்குத்தாங்க” என்றார்.

“சத்தமா.”

“ஆளுக்குத்தான் போடணும். ஐயா சொன்னதுதான் சரி. ஐயா மேரி நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் பாத்ததில்ல. மேல எழுதி அனுப்பறேன்.”

புவனேஸ்வரியும் அந்தக் காரில் மூன்று தடவையும் இருந்தவள். கண்ணால் கண்டதை மறுக்க அவள் படித்த படிப்பு இடம் தரவில்லை.

“சரிப்பா, நீயே ஓட்டு” என்று போனை எடுத்தாள். “கண்ணையனை வர வேணாம்னு சொல்லிட்றேன்.”

அரங்கநாதன் பாக்யராஜிடமிருந்து சாவியை வாங்கி, ஒருதரம் மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார். பிடித்தது கீழே விழுந்தபின்தான். ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை.

பாக்யராஜுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பெல்ட் போட்டு, இண்டிகேட்டர் போட்டு, கும்பிட்டுக் கும்பிட்டு ஓட்டிய மனிதர். பழியில் ஒரு பங்கையாவது வேறு யார்மேலாவது போட்டுவிட்டுப் போக நினைத்தார்.

“யாம்மா, இவ்ளோ பெரிய கார் வருதே, கொஞ்சம் ஓரமா நிக்கக் கூடாது? ஐயா ஓட்டிக்கினு வரும்போது மட்டும் தெருவே காலியா இருந்துச்சே.”

தனக்கொடி காலிக் கேனை மொபெட்டில் மாட்டினாள். “ஐயா வண்டிய எடுத்தார்னா அம்மா வூட்டுக்கு வூடு போன் போட்ருவாங்க சார், நாங்க ஆடு மாடு புள்ளைங்கள உள்ள இட்டுக்கினு பூடுவோம், ஆத்தங்கரையில முத்து மாறி ஒக்காந்தத நாங்களே பாத்தோம், இப்ப ஓட்றது ஐயா இல்ல, ஏஜென்ட் சார்தான்னு அம்மாவே சொன்னாங்க, அதான் தெருவுல நிம்மதியா நின்னுக்கினு இருந்தோம்.”