தூணுக்குப் பின்னால் நல்ல காற்று

ஆபீசில் அவருக்குப் ‘புள்ளிவிவரப் புலி’ என்று பெயர். வீட்டில் என்ன என்பதைப் பழமொழியே சொல்லிவிட்டது.

கால்பந்து மைதானத்துக்கு ஜனங்கள் எதற்காக வருகிறார்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்துச் சொல்வது புலியின் உத்தியோகம். இந்த வருஷத்துக் கணக்கெடுப்பு போன மாதமே முடிந்துவிட்டது. மனைவியிடம் சொன்ன கணக்கில் மட்டும் இன்னும் முடியவில்லை. முடிந்தது என்றால் ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஆகவே, “வாசல்ல வெயில்ல நின்னு கேள்வி கேக்கணும்” என்று வாராவாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பி, உள்ளே போய்ச் சுகமாக ஆட்டம் பார்த்தார்.

ஆனால் ஒரு புதிர் அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் சாப்பிடும்போது மனைவியிடம் கொட்டிவிட்டார்.

“அங்க ஒரு பெரிய தூண் இருக்கு. அதுக்குப் பின்னாடி உக்காந்தா பாதி கோல் தெரியாது. ஆனா அங்கதான் டிக்கெட் முதல்ல தீருது. ஏன்னே புரியல!”

“வர்றவங்களையே கேக்கறதுதானே?”

“கேட்டாச்சு. எல்லாரும் ஒரே பாட்டு. காத்து நல்லா வருதாம்.”

“வருதா?”

“சும்மா ஜிலுஜிலுன்னு வரும்! காலைக்கூட நீட்டிக்கலாம்.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “டிவி கேமரா எங்கங்க இருக்கு?”

“அந்தத் தூண் மேலதான், முன்பக்கம் பார்த்து...” புலி துள்ளி எழுந்தார். “அட! பின்னாடி இருக்கறவன் டிவியில விழவே மாட்டான்! அத்தனை பேரும் வீட்டுல பொய் சொல்லிட்டு வந்தவனுங்க!”

பெண்டாட்டிக்கு இத்தனை மூளையா என்று அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அப்போ பின்பக்கமும் ஒரு கேமரா வெக்கச் சொல்லுங்க.”

“ஐயையோ! வெச்சா ஒருத்தன் வரமாட்டான்!”

“எந்த ஒருத்தன்? வாசல்ல வெயில்ல நிக்கறவருக்கு உள்ள அடிக்கற காத்து எப்படித் தெரிஞ்சுது?”

நுணலும் தன் வாயால் கெடும். புலிக்கும் அதே வாய்தான். ஊரையெல்லாம் ‘ஏன் வந்தீங்க’ என்று கேட்டவர், தான் ஏன் தேடிப் போய் அங்கே உட்கார்ந்தோம் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அடுத்த ஞாயிறு, சமையலறையில் அவரும் பெயிண்ட் டப்பாவும். ஹாலில் டிவியும் மனைவியும். “கோல்!” என்று சத்தம் கேட்டதும் பெயிண்டுக்காக வாசலில் நகர்த்தி வைத்திருந்த ஃபிரிட்ஜ் வரை பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அந்த ஃபிரிட்ஜுக்குப் பின்னாடியே நில்லுங்க. பாதி கோல் தெரியாது. ஆனா காத்து நல்லா வரும்.”