மார்லிஸின் தொப்பியும் ஓர் ஆணியும்

மனித நாகரிகம் எங்கே உச்சத்தைத் தொட்டது என்று யாராவது கேட்டால் ஏதென்ஸ், ரோம் என்று அலைய வேண்டாம். மின்னசோட்டா மாநிலம், பெர்க்தால் கிராமம், லூத்தரன் சபையின் கூரைக் குழு என்று விலாசம் கொடுத்தால் போதும். குழு தொடங்கிய நாள்முதல் நாங்கள் ஒருவர் மனதையும் புண்படுத்தியதில்லை. அதன் செயலாளர் நான்தான் என்பதை மிகுந்த தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் சர்ச்சின் கூரையைப் புதுப்பித்துக் கொடுத்தவர் ஆர்விட் லிண்ட்குவிஸ்ட். சோள அறுவடை முடிந்த கையோடு ஏணி போட்டு ஏறியவர், பனி விழுமுன் ஷிங்கிள் என்கிற கூரைத் தகடுகளில் கடைசியையும் அடித்துவிட்டுத்தான் இறங்கினார். ஒரு சென்ட் வாங்கவில்லை. கொடுத்த காப்பியைக்கூட வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் குடித்தார். அது எங்கள் ஊர் முறை.

இரண்டு குளிர்காலம் போனது. கூரையில் ஒரே ஓர் ஆணி எழும்பியது. பலகை ஈரத்தில் உப்பிக் குளிரில் சுருங்கினால் ஆணி மெல்ல மேலே வரத்தான் செய்யும், யார் அடித்ததாக இருந்தாலும். வந்த ஆணி தன் மேலிருந்த ஷிங்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. அந்த இடுக்கு வழியே நுழைந்த மழை, ஞாயிறு ஆராதனையில் நேராக மார்லிஸ் டாஃப்டியின் தலையில் சொட்டியது.

மார்லிஸ் கணவரை இழந்தவர். தனியாக வருவார், தனியாகப் போவார். இடம் மாறி உட்காரக் கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் சபையில் அவரவர் பெஞ்ச் அவரவருக்கு. அடுத்தவர் பெஞ்சில் உட்காருவதும் அடுத்தவர் கட்டிலில் போய்ப் படுப்பதும் ஒன்று. ஆகவே மார்லிஸ் தடிமனாக ஒரு கம்பளித் தொப்பி பின்னிப் போட்டுக்கொண்டு வந்தார்.

குழு அவசரமாகக் கூடியது. தலைவர் வெர்னர் ஹால்வர்சன் தச்சுவேலையில் தலைநரைத்தவர்.

"ஆணியப் புடுங்கிட்டு, ஓட்டைல தாரை அடைச்சு, ரெண்டு விரல் தள்ளிப் புதுசா ஒண்ணு அடிச்சா தீந்துச்சு. பத்து நிமிஷ வேலை," என்றார் வெர்னர்.

"தார் கறுப்பாத் தெரியுமே," என்றேன் நான். "ஆர்விட் வீட்டுச் சமையலறை ஜன்னல்ல நின்னா நம்ம கூரைதான் கண்ணு முன்னாடி. என் வேலை மேலயே ஒட்டுப் போட்டுட்டாங்களேன்னு அவர் நெனைக்க மாட்டாரா?"

வெர்னருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அட ஆமாப்பா. பாவம், சும்மா செஞ்சு குடுத்த மனுஷன்."

"பேசாம அவர்கிட்டயே சொல்லிட்டா என்ன?" என்று கேட்டார் பாஸ்டர் இங்க்ரிட்.

பாஸ்டர் சிக்காகோவிலிருந்து வந்தவர். அவருடைய முரட்டுத்தனங்களை நாங்கள் பெரிய மனதோடு பொறுத்துக்கொள்வது வழக்கம்.

"எலுமிச்சை கேக் எடுத்துக்கோங்க பாஸ்டர்," என்றார் வெர்னர்.

இறுதியில் 'தொடர் பராமரிப்புத் திட்டம்' ஒருமனதாக நிறைவேறியது. அதன்படி ஆர்விட் ஏரிக்கு மீன் பிடிக்கப் போகும் நாளில் நாங்கள் கூரை ஏறுவோம். சுத்தியலுக்குக் கம்பளிக் காலுறை மாட்டி, எழும்பிய ஆணியை அதே ஓட்டையில் ஓசைப்படாமல் தட்டி இறக்குவோம். தாரும் இல்லை, தடயமும் இல்லை. தளர்ந்த ஓட்டையில் ஆணி அடுத்த மழைக்கே சொன்ன சொல் தவறாமல் எழும்பும். நாங்களும் சளைக்காமல் ஏறுவோம். பெஞ்சில் ஒரு வாளி வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது, சொட்டுகிற சத்தம் முன் பெஞ்சில் இருக்கும் ஆர்விட்டுக்குக் கேட்டுவிடும் என்று தள்ளுபடி செய்தோம். தொப்பியில் சத்தம் வராது. அந்த வகையில் மார்லிஸ் எங்கள் திட்டத்தின் தூண் என்றே சொல்ல வேண்டும்.

இப்படியே மூன்றாவது வருடமும் வந்தது. ஒருநாள் ஆராதனை முடிந்து மார்லிஸ் என்னிடம் வந்தார். புருவத்திலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு உள்ள கொஞ்சம் ஈரமா இருந்தாப்ல இருக்கு," என்றார்.

எங்கள் ஊர் வழக்கில் இது கூப்பாடு. நான் நிதானம் இழக்காமல், "பயிருக்கு நல்லதுதானே மார்லிஸ்," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்று சொல்லி இருமிக்கொண்டே போனார்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, நல்ல மழை. மார்லிஸ் வரவில்லை. எல்லோரும் தலை குனிந்து மௌன ஜெபத்தில் இருந்தபோது அவருடைய பெஞ்சில் 'டொக்' என்றது.

ஆர்விட் திரும்பினார். "என்ன சத்தம்?"

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார் வெர்னர்.

'டொக்.'

ஆர்விட் அண்ணாந்து பார்த்தார். "மேல ஆணி எழும்பியிருக்கும். எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா," என்றார் பாஸ்டர். சிக்காகோ புத்தி எங்கே போகும்!

ஆர்விட் எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு, கொட்டுகிற மழையில் ஏணி ஏறினார். நாங்கள் ஒரு பாமாலையைப் பாடி முடிப்பதற்குள் கோட்டின் கைநுனியெல்லாம் தாரோடு திரும்பி வந்து நின்றார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் ஆர்விட்," என்றார் வெர்னர்.

"ஒரு ஆணிக்காக மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிற ஆளுன்னா என்னை நெனச்சீங்க?" அவர் காலியாக இருந்த அந்தப் பெஞ்சைப் பார்த்தார். "அது கெடக்கட்டும். இங்க உக்கார்ற மார்லிஸ் எங்க?"

"ஆஸ்பத்திரியில. நிமோனியான்னு சொல்றாங்க," என்றார் பாஸ்டர்.

ஆர்விட் அந்த ஈர பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் பெஞ்ச் அது என்று சுட்டிக்காட்டும் துணிச்சல் எங்களில் யாருக்கும் வரவில்லை.

அன்று மாலை குழுவின் சார்பில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தார் மார்லிஸ். கூரை சரியாகிவிட்ட நற்செய்தியைச் சொன்னேன்.

"ஆர்விட்டுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க வரலல்ல. தண்ணி பெஞ்சுல விழுந்து சத்தம் கேட்டுடுச்சு."

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "அப்போ நான் வாரா வாரம் வந்ததுதான் தப்புன்னு சொல்லுங்க," என்றார். சிரிக்கவில்லை.

குழு மறுநாளே கூடியது. ஆர்விட்டின் மனம் மேலும் நோகாமல் அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று பாத்திரத்தில் காப்பி தீரும்வரை விவாதித்தோம். மார்லிஸிடம் மன்னிப்புக் கேட்பது பற்றிப் பேச்சே எழவில்லை. அவருக்கும் ஒரு மனது உண்டு, அதுவும் நோகும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் தலையில் விழுந்தது எதுவும்தான் சத்தம் போடவில்லையே.