கோப்பைக்கு முன்னால் ஒரு ஜெபம்

ஒரு கோப்பை பீர் குடிப்பது என்று இஸ்ரவேல் சார்வாள் தீர்மானித்தது மதுவிலக்கின் நன்மைக்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நல்ல மனிதரைப் பற்றி நாலு பேர் நாலு விதமாக நினைப்பார்கள். கடைசியில் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

சார்வாளுக்குப் பாளையங்கோட்டை. பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியர். சபையில் மதுவிலக்குச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். வருஷா வருஷம் பள்ளி திறந்ததும் கோயில் வளாகத்து மண்டபத்தில் கூட்டம் நடக்கும். நோவா திராட்சரசம் குடித்து அலங்கோலமாய்க் கிடந்ததில் ஆரம்பித்து, கள்ளுக்கடை, சாராயக்கடை, பிராந்திக்கடை என்று ஒவ்வொன்றாகக் கொளுத்திக்கொண்டே வருவார். கேட்பவர்கள் மூக்கைச் சிந்துவார்கள். குடிக்காதவர்கள்கூட இனி குடிப்பதில்லை என்று சத்தியம் செய்வார்கள்.

போன வருஷக் கூட்டத்தில் வந்தது வினை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஞானையா, பின்வரிசையில் கையைத் தூக்கினார்.

"சார்வாள், ஒரு சந்தேகம். பீருன்னு ஒண்ணு இருக்கே, அது இனிக்குமா கசக்குமா வே?"

இஸ்ரவேல் யோசித்தார். சாத்தானுடைய சரக்கு. ஆளை இழுக்க வேண்டும். இனிக்காமல் எப்படி இழுக்கும்?

"இனிக்கும்," என்றார் கனத்த குரலில். "பதநீர் மாதிரி இனிக்கும். அதுதான் அதன் வஞ்சகம்!"

ஞானையா சிரித்த சிரிப்பில் அவருடைய பல்செட் கழன்று முன்வரிசையில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுத்தவரும் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் யார் யாரெல்லாம் பீர் குடித்தவர்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே சபைக்குத் தெரிந்துபோயிற்று. சிரிக்காதவர் தலைவர் ஒருவர்தான்.

"அடுத்த வருஷமும் கேப்பேன் வே," என்று பல்லைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார் ஞானையா. "ருசி தெரியாதவரு பேச்ச நாங்க எதுக்குக் கேக்கணும்? தெரிஞ்சுக்கிட்டு வாரும். இல்லன்னா நாற்காலியை வேற ஆளுக்குக் குடும்."

அன்றிலிருந்து தெருவில் அவருக்குப் பேர் 'பதநீர் சார்'.

ஆகவே கோடை விடுமுறைக்குப் பெங்களூர் போகலாம் என்று மனைவி சாலோமி சொன்னபோது, இஸ்ரவேல் அதைத் தேவசித்தம் என்றே எடுத்துக்கொண்டார். அங்கே சாலோமியின் தம்பி சுபின் ஒரு கம்பெனியில் இருந்தான். பாளையங்கோட்டைக்காரர்கள் கண்ணுக்கு எட்டாத ஊர். ஒரே ஒரு கோப்பை. ருசியைத் தெரிந்துகொண்டு வந்துவிடலாம். சாலோமிக்கு மட்டும் தெரியக்கூடாது.

சாலோமி அதிகம் பேசமாட்டாள். அதற்கு அவசியமே வந்ததில்லை.

பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் மச்சினனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். சுபின் அவர் காலில் விழப் பார்த்தான்.

"அத்தான், அக்காவுக்குத் தெரிஞ்சா என்னத் தோலை உரிச்சிருவா!"

"ஏலே, இது ஆராய்ச்சி. பைய பேசு."

"ஆராய்ச்சின்னா சரியான ஊருக்குத்தான் வந்திருக்கீய. இங்கன ஒரே ரோட்டுல வரிசையா பப்பு. பாட்டில் கிடையாது. பீப்பாயில இருந்து குழாயில பிடிச்சு நேரா கோப்பையில குடுப்பான். ஒரு கடை குகை மாதிரி இருக்கும், ஒரு கடை ராக்கெட் மாதிரி இருக்கும். கடைக்குக் கடை ருசி வேற."

மறுநாள் சாயங்காலம் இஸ்ரவேல் சுபினுடைய கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எங்க போறீய?" என்றாள் சாலோமி.

"தமிழ்க் கோயில்ல சாயங்கால ஆராதனை இருக்காம்."

"நல்லதுதான். போயிட்டு வாங்க."

இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று அவருக்கே ஆச்சரியம். தெருமுனை திரும்பியதும் ஒரு துள்ளுத் துள்ளினார்.

முதல் பப்பு குகை. உள்ளே நுழைந்தால் கும்மிருட்டு. கையால் துழாவி ஒரு பெஞ்சைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். மெழுகுவத்தி ஒன்று அவரை நோக்கி வந்தது. பின்னால் ஒரு பணியாள்.

"குட் ஈவினிங் சார். மக் ஆர் பிட்சர்?" என்று இங்கிலீஷில் கேட்டவன், மெழுகுவத்தியை உயர்த்திப் பார்த்தான். இங்கிலீஷ் உதிர்ந்துவிட்டது. "சார்வாள்! நீங்களா! என்னத் தெரியலியா? பேட்டை காசிலிங்கம்! நைல் நதி எங்க உற்பத்தி ஆகுதுன்னு தெரியலன்னு ஒரு நாள் பூரா முட்டி போட வச்சீங்களே!"

குகை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"ஏலே காசிலிங்கம்... நான் சும்மா... வழி கேக்க வந்தேன்."

"எங்க போகணும் சார்வாள்?"

"வெளிய," என்றார் இஸ்ரவேல்.

இரண்டாவது பப்பு ராக்கெட். கதவு தானாகத் திறந்தது. அதிலேயே பாதித் தைரியம் போய்விட்டது. மீதிப் பாதியை உள்ளே போட்டிருந்த பாட்டு அடித்துத் துவைத்தது. ஆனால் முகம் தெரிந்தவர் யாரும் இல்லை. மூலையில் உட்கார்ந்து ஒரு விரலைக் காட்டினார். புரிந்துகொண்டார்கள்.

வந்தது. கைப்பிடி வைத்த கனத்த கண்ணாடிக் கோப்பை. புதுவெள்ளம் வரும்போது தாமிரபரணி இருக்குமே, அந்த நிறம். மேலே நாலு விரல் நுரை. இஸ்ரவேல் கோப்பையைத் தூக்கினார். உதடுவரை கொண்டுபோனார். அங்கே நின்றுவிட்டார்.

வாயில் எதைப் போட்டாலும் முதலில் ஜெபம் பண்ணிப் பழகிய வாய் அது. காப்பிக்கு ஜெபம். கடலை மிட்டாய்க்கு ஜெபம். இருமல் மருந்துக்கும் ஜெபம் உண்டு. பழக்கத்துக்குப் பீர் என்ன, பாயசம் என்ன? கை தானாகக் கோப்பையைக் கீழே வைத்தது. கண்கள் தானாக மூடிக்கொண்டன.

சின்ன ஜெபமாகத்தான் ஆரம்பித்தார். "ஆண்டவரே, இது ஆராய்ச்சி என்பதை நீர் அறிவீர்." ஆனால் சின்ன ஜெபம் அவருக்கு வராது. ஆராய்ச்சியிலிருந்து சங்கத்துக்குப் போனார். சங்கத்திலிருந்து சபைக்கு. சபையிலிருந்து நாடாளும் தலைவர்கள், வியாதியஸ்தர், விதவைகள், உவரிப் பக்கம் கடலுக்குப் போயிருக்கும் படகுகள், ஞானையாவின் மனந்திரும்புதல். அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் முடிந்தது. நுரை அடங்கும் மெல்லிய சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது.

"...இந்தப் பானத்தையும் ஆசீர்வதியும், பிதாவே."

"ஆமென்," என்றது எதிரே ஒரு பெண்குரல்.

இஸ்ரவேல் கண்ணைத் திறந்தார்.

எதிரே சாலோமி. மடியில் அவருடைய வேதபுஸ்தகம். மேல் உதட்டில் வெள்ளையாக நுரை. நடுவில் கோப்பை. கோப்பை காலி. கொஞ்சம் தள்ளித் தூண் மறைவில் சுபின், அழுகிற மாதிரி.

"கோயிலுக்குப் போற மனுஷன் வேதத்த வச்சிட்டுப் போவாகளா?" என்றாள் சாலோமி. "மறந்துட்டீயளேன்னு எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். கோயில் பூட்டிக் கிடக்கு. இவன் மூஞ்சியப் பாத்தேன். ஒரு தடவதான் கேட்டேன், கொட்டிட்டான். ஒவ்வொரு பப்பா ஏறி இறங்கினோம். குகையில ஒரு பையன், சார்வாள் ராக்கெட் பக்கம் போனாகன்னு கையக் காட்டினான்."

வேதபுஸ்தகத்தோடு பப்புக்குப் போவது பாவம் என்று நினைத்துத்தான் அவர் அதை வைத்துவிட்டு வந்திருந்தார்.

"சாலோமி... கோப்பையில இருந்தது..."

"நான்தான் குடிச்சேன்."

"நீயா!"

"உங்களக் குடிக்க விட்டா உங்களுக்குப் பாவம். கீழ ஊத்தினா அதுவும் பாவம். ஜெபம் பண்ணின பதார்த்தத்த வீணாக்கக்கூடாதுன்னு சொன்னது யாரு? நீங்கதான? அவ்வளவு நீளமா ஜெபம் பண்ணியிருக்கீய. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். விதவைகளுக்கு வந்தப்பதான் எடுத்தேன்."

இஸ்ரவேல் மேசை மேல் குனிந்தார். குரல் தழைந்தது.

"சரி. போகட்டும். எப்படி இருந்துச்சு?"

சாலோமி முந்தானையால் உதட்டைத் துடைத்தாள்.

"ஊருக்குப் போய்ச் சொல்லுதேன். எந்திரிங்க."

ரயிலில் கேட்டார். சாலோமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கேட்டார். "சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுதேன்" என்றாள். கூட்டத்துக்குப் புறப்படும்போது வாசலில் வழிமறித்துக் கெஞ்சினார். "நேரமாச்சு" என்றாள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. சபையின் போதகரான ஐயர் அங்கி போட்டுக்கொண்டு தலைமை நாற்காலிக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். இஸ்ரவேல் நோவாவில் ஆரம்பித்தார். நோவா வழக்கம்போல் குடித்தார். ஆனால் யாரும் அழவில்லை. எல்லாரும் ஞானையாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞானையா எழுந்தார். இந்தத் தடவை பல்செட்டை முன்கூட்டியே கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஷார்வாள். இனிக்குமா, கஷக்குமா?"

இஸ்ரவேல் மனைவியைத் தேடினார். பெண்கள் பக்கத்தில் சாலோமி எழுந்து நின்றாள்.

"கசக்கும் அண்ணாச்சி. நுனி நாக்குல இல்ல, அடி நாக்குல. முதல் மடக்குதான் கசப்பு, வேப்பம்பூ ரசம் மாதிரி. மூணாவது மடக்குல பழகிப்போயிரும். பொறவு மூக்குல சுர்ருன்னு ஏறும். ஒரு ஏப்பம் வரும். அதான் அதுல மோசம், முதல்ல விரட்டிட்டுப் பொறவு கூப்பிடும்."

ஞானையா பல்லை மாட்டிக்கொண்டார். சிரிப்பதற்காக இல்லை. அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது.

"அச்சு அசல்! உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

சாலோமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"லீவுக்குப் பெங்களூர் போயிருந்தோம். அங்கன ஒரு கடையில இவுக ஒரு கோப்பை வாங்கினாக," என்றாள் தணிந்த குரலில். "மிச்சத்த என் வாயால சொல்ல மாட்டேன்."

எல்லாத் தலையும் மெதுவாக இஸ்ரவேல் பக்கம் திரும்பியது. அவர் சாலோமியைப் பார்த்தார். நான் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை என்று சொல்லலாம். அப்படியானால் குடித்தது யார் என்று கேட்பார்கள். சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

ஐயர் எழுந்து அவர் தோளில் கையை வைத்தார். இழவு வீட்டுக்கு வைத்திருக்கும் குரலை எடுத்தார்.

"பிரியமானவர்களே, நம்முடைய தலைவர் இந்த வருஷம் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும். நாற்காலியில் சகோதரி சாலோமி அமரட்டும். இப்போது, சகோதரன் இஸ்ரவேல் அந்தப் பழக்கத்திலிருந்து விடுதலை பெறும்படி எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்."

எல்லாரும் மூடினார்கள். இஸ்ரவேல் மட்டும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். வைத்திருந்தும் என்ன, நாற்காலி போய்விட்டது.

ஜெபம் முடிந்ததும் சபையிலேயே உரக்க வந்த ஆமென் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் குரலை அவர் ராக்கெட்டில் கேட்டிருக்கிறார்.