பத்துக்கு எத்தனை?

பத்துக்கு ஏழு என்று எழுதிய பிறகும் ரெஃப்ரிக்குப் பேனாவை மூட மனம் வரவில்லை.

முப்பது வருடம் கூடைப்பந்து மைதானங்களில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். விளையாட்டு வாரியம் அவருக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தது. சிறந்த வீராங்கனை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் சர்வதேச அணிப் போட்டிகளில் சாதித்ததற்குப் பத்துக்கு எத்தனை, என்ன காரணம்? பதினொரு மணிக்கு ஆள் வந்து வாங்கிக்கொள்வார். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அந்த வீராங்கனை அவருடைய மருமகள்.

போனில் சொல்லிப் பார்த்தார். "அதனால என்ன சார், உங்க நேர்மை ஊருக்கே தெரியும்" என்று வைத்துவிட்டார்கள்.

ஒன்பது வருடம் நாட்டுக்காக ஆடியவள். ஒவ்வொரு போட்டி முடிந்து அவள் வீடு திரும்பும்போதும் மாமனார் அவளுடைய ஃபவுல்களை மட்டும் வரிசையாகச் சொல்வார். பாராட்டு என்று வாய் தவறிக்கூட ஒரு வார்த்தை வந்ததில்லை.

"ஏழா?" மனைவி எட்டிப் பார்த்தாள். "இறுதி ஆட்டத்துல கடைசி ரெண்டு நிமிஷத்துல அணியைக் கரையேத்தினவளுக்கு ஏழா? முகாமுக்கு லீவு போட்டுட்டு, முட்டி ஆபரேஷன் ஆன உங்களை நடக்கப் பழக்கினது யாரு?"

"முட்டிக்கு மார்க் கிடையாது."

சொல்லிவிட்டாரே தவிர மனசு கேட்கவில்லை. ஏழு என்பதை அடித்து ஒன்பதாக்கினார். மருமகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார் என்று நாலு பேர் பேசுவது உடனே காதில் விழுந்தது. ஒன்பதை ஆறாக்கினார்.

"ஆறுன்னா விருது போயிடும்ங்க. அவ ஆட்டத்தை விட்டாச்சு, இனி வேற வாய்ப்பு இல்ல."

அதுவும் சரிதான். பிளேடால் சுரண்டினார். தாள் ஓட்டையானது. ஓட்டையின் மேல் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றைக் கோந்து தடவி ஒட்டி, நாற்காலியில் காய வைத்தார்.

"மாமா, டீ போடவா?" என்றபடி மருமகள் வந்தாள்.

ரெஃப்ரி சட்டென்று படிவத்தின் மேலேயே உட்கார்ந்தார்.

"போடும்மா."

"ஏன் மாமா இப்படி வேர்த்திருக்கு?"

"ஃபேன் சரியில்ல."

நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்துவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். அவர் எழுந்தபோது படிவமும் கூடவே எழுந்தது. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு உரித்தெடுத்தாள். மதிப்பெண் கட்டம் மொத்தமாகக் கால்சட்டையோடு தங்கிவிட்டது.

வாசல் மணி அடித்தது. வாரியத்து ஊழியர்.

மிஞ்சியது காரணம் எழுதும் கட்டம் மட்டும். ரெஃப்ரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளதை எழுதினார்.

"பந்து கையில் இருக்கும்போதும், தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவளைத் தேடும் கண் இவளுக்கு. பதக்கம் பன்னிரண்டு பேருக்கு. அந்தப் பன்னிரண்டு பேரை அணியாக்கியவள் இவள். ஓர் ஆட்டம் விடாமல் பார்த்தேன். ஃபவுல்களை மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். எங்கள் வீட்டுக்கு வந்தாளே, அதற்கு நன்றி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டைப் படிவத்தை நீட்டினார். "தம்பி, மார்க் கட்டம் கிழிஞ்சுபோச்சு. அதனால அவ விருதுக்கு ஒண்ணும் ஆகிடாதே?"

"விருது போன வாரமே அவங்களுக்குன்னு முடிவாயிடுச்சு சார். சொந்தக்காரங்க மார்க்கை நாங்க எடுக்கவும் மாட்டோம்."

படிவத்தைப் பையில் வைக்காமல் ஊழியர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"பரிசா என்ன வேணும்னு கேட்டோம். எங்க மாமா கையால என் ஆட்டத்தைப் பத்தி நாலு வரி எழுதி வாங்கிக் கொடுங்கன்னு அவங்கதான் சொன்னாங்க."