ஆற அமரப் பார்த்த அடிகுழாய்

எங்கள் யூனியன் ஆபீசில் மனுக் கொடுத்தவர்கள் காத்திருப்பது வழக்கம். அதில் யாருக்கும் குறை கிடையாது. காத்திருக்கிற நேரத்தில் பேசுகிறார்கள் என்பதுதான் ஆணையாளர் ஞானசம்பந்தத்தின் குறை. எனவே 1973-இல், 'பொதுமக்களிடையே பொறுமையையும் கூர்ந்த கவனத்தையும் வளர்க்கும் பொருட்டு' வராந்தாச் சுவரில் ஒரு படம் எழுத உத்தரவானது. பார்க்கிறவர் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். அதற்கு முன் நகர்ந்தால் ஓவியரே பொறுப்பு.

ஓவியர் சேவுகன் எங்கள் வடக்குத் தெருக்காரர். மனுசன் என்னமாய் எழுதினார்! ஊர் மொத்தமும் விரல் உயரத்தில். சந்தையில் தராசு முள்கூடத் தெரிந்தது. ஜனங்கள் வாயடைத்து நின்றார்கள். குமாஸ்தாக்களும் நாற்காலியோடு வராந்தாவுக்கே வந்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் மட்டும், ஆசைக்கு, ஓர் அடிகுழாய் வரைந்து, அதே தெரு மலையம்மாள் தண்ணீர் அடிப்பதுபோல் வைத்தார். நிஜத்தில் ஒன்றரை மைல் நடந்து ஊருணியில்தான் எடுக்க வேண்டும். குழாய் கேட்டு அவள் கொடுத்த மனுவுக்கு மூன்று வயசு.

ஒரு நாள் ஆணையாளர் அவளைக் கூப்பிட்டார்.

"மனு தள்ளுபடிம்மா. உங்க தெருவுலதான் குழாய் இருக்கே."

"எங்கய்யா பாத்தீக?"

"சுவத்துல. ரெண்டு மணி நேரம் உத்துப் பாத்தேன். குடம் நிறைஞ்சிருக்கு. அடிக்கிறதே நீங்கதான்."

"அய்யா, அது படம்யா!"

"அரசாங்கச் சுவத்துல பொய் இருக்காதும்மா."

மலையம்மாள் சேவுகனிடம் ஓடினாள். "அண்ணே, அந்தக் கொழாயை அழிச்சுருங்க. நாக்கு வறண்டு கெடக்கோம், எங்குடத்தை நெறச்சு வச்சிருக்கீகளே!"

சேவுகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லது நெனச்சுத்தான் ஆத்தா வரஞ்சேன். இப்ப அதுல கை வைக்கணும்னா மனுக் குடுக்கணுமாம்."

கொடுத்தோம். குமாஸ்தா கருத்தையாவே டைப் அடித்துத் தந்தார். நாற்பத்திரண்டு வீடும் வரிசையில் நின்று கையெழுத்தும் கைநாட்டும் வைத்தோம். அன்றைக்கே அனுமதி! மூன்று வருசம் தூங்கிய ஆபீசா இது என்று ஆளுக்கொரு கலர் சோடா வாங்கிக் குடித்தோம். சேவுகன் குழாய் மேல் சுண்ணாம்பைப் பூசினார்.

மறு வாரம் உத்தரவு வந்தது: 'தெருவாசிகள் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டபடி வடக்குத் தெரு அடிகுழாய் அகற்றப்பட்டது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்த தெருவுக்குப் பத்தாண்டுகளுக்கு வேறு குழாய் வழங்க விதியில்லை.'

"வேணாம்னு எப்பய்யா எழுதிக் குடுத்தோம்?" என்று மலையம்மாள் ஆபீசில் போய் அலறினாள். நாங்களும் பின்னாலேயே போய்க் கத்தினோம்.

கருத்தையா மனுவை எடுத்து நீட்டினார். நாலே வரி. 'வடக்குத் தெரு அடிகுழாய் எங்களுக்கு வேண்டாம், அகற்றவும்' என்றிருந்ததே தவிர, படம் என்ற சொல்லே அதில் இல்லை. கீழே எங்கள் நாற்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்து. சுவரை மாசக்கணக்கில் உற்று உற்றுப் பார்த்த நாங்கள், அந்த நாலு வரியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தோம்.