ஜப்பான் தோட்டத்து விசில் அக்கா

அமைதியைக் காப்பாற்றுவதற்காக இவ்வளவு சத்தம் போட்ட மனுஷி உலகத்தில் வேறு எங்கேயும் பிறந்திருக்க முடியாது. புதுச்சேரியில் ஒரு பார்க்கின் மூலையில் ஜப்பான் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் காவல் இவர்தான். புடவைக்கு மேலே காக்கிச் சட்டை, கழுத்தில் தாலிக்குப் பக்கத்திலேயே தொங்கும் விசில். அங்கே போகிற எல்லோருக்கும் விசில் அக்கா.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு சிவப்பு மரப்பாலம், அதற்கடியில் முட்டியளவு குளம், ஆரஞ்சு நிற மீன்கள், கொஞ்சம் மூங்கில், ஒரு கல் விளக்கு. நடுவில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, அலை அலையாகக் கோடு இழுத்து, மத்தியில் ஒரு கருங்கல்லை நிறுத்தியிருப்பார்கள். சும்மா உட்கார்ந்து அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும். பார்த்தால் மனசு அடங்குமாம். வாசலில் 'அமைதி காக்கவும்' என்று போர்டு. அதற்கு நேர் கீழே ஸ்டூல் போட்டுத்தான் அக்கா ஊதுவார்.

பாலத்தில் நின்றால் விசில். மீனுக்கு முறுக்கு போட்டால் விசில். காதலர்கள் பேசினால் விசில், பேசாமல் இருந்தால் இன்னும் நீளமான விசில். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் ஒரு நாள் தும்மிவிட்டார். அதற்கும் விசில்.

"தும்முறதுக்கும் பெர்மிசியோன் வாங்கணுமாம்மா?" என்றார் அவர்.

"வெளிய போய் தும்மிட்டு வாங்க முசே. மீனு பயப்படுது."

விசிலுக்குப் பயப்படாத மீன் தும்மலுக்குப் பயப்படுமாம். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். நான் அங்கே போனது மனசை அடக்க இல்லை. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் டிரில்லிங் மிஷின் ஓடுகிறது, எனக்குக் கணக்குப் பேப்பர் அரியர். படிக்க இடம் தேடிப் போனால் அங்கே இந்தக் கச்சேரி.

"கணக்கு அரியருக்குப் படிக்கிறவங்க காதுல ஏங்க்கா இப்பிடி ஊதுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"நீ படிக்கிற லட்சணம்தான் தெரியுதே. காலைலேருந்து மீன பாத்துக்கினு இருக்க. மீனா வந்து பரீட்ச எழுதப் போவுது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விசில்.

இப்படி நாங்கள் பரம எதிரிகளாக இருந்த காலத்தில்தான் அந்தக் கல்லுக்கு யாரோ பொட்டு வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை போனால் கருங்கல் முழுக்க மஞ்சள், மூன்று இடத்தில் குங்குமம், மேலே செவ்வரளி மாலை. மதியத்துக்குள் எலுமிச்சம்பழம் வந்தது. கல் விளக்குக்குள் அகல் எரிந்தது. சாயங்காலம் ஒரு அம்மா கூழாங்கல் கோடுகளைப் பிராகாரம் என்று முடிவு செய்து சுற்றி வர ஆரம்பித்துவிட்டார். அக்கா மூச்சு முட்ட ஊதினார். அந்த அம்மா அதை நாதஸ்வரமாக எடுத்துக்கொண்டு கண்ணை மூடிச் சுற்றினார்.

"யம்மா, அது சாமியில்ல. ஜப்பான் கல்லு."

"ஏன், ஜப்பான்ல சாமி இருக்கக் கூடாதா?"

கல் வந்தது மயிலம் பக்கத்துக் குவாரியிலிருந்து. யாரிடம் போய்ச் சொல்ல.

செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் வந்தார். "வெள்ளிக்கிழம பெரிய ஆபீசர் ஜப்பான்காரங்கள கூட்டினு வர்றாரு. அதுக்குள்ள கல்லு கல்லா இருக்கணும். இல்லன்னா சனிக்கிழமையிலேருந்து நீ வேற வேல பாத்துக்க" என்றார் அக்காவிடம். பொட்டு வைத்தவன் எவனோ, வேலை போவது இவருக்கு. என்ன நியாயம் பாருங்கள்.

அக்கா ஒரு ஈரத்துணியை அவரிடமே நீட்டினார். "அப்ப நீங்களே தொடச்சிடுங்க சார்."

சூப்பர்வைசர் ஓரடி பின்னால் போனார். "தை மாசம் எம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்மா."

துணி தோட்டக்காரர் ஜோசப் அண்ணனிடம் போனது. "நீங்க மாதா கோயிலுக்குப் போறவரு, ஒங்களுக்கு இன்னா? தொடைங்கண்ணே" என்றார் அக்கா.

"மாதாவுக்கு எம்மேல கோவம் வந்தா அழுது சமாளிச்சிடுவேன். இவரு யாருன்னே தெரியல. எங்கன்னு போயி மன்னிப்பு கேப்பேன்?"

எனக்குத் தாங்கவில்லை. ராக்கெட் விடும் நாட்டில் ஒரு கல்லைத் துடைக்க ஆளில்லையா என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். துணியைப் பிடுங்கினேன். கூழாங்கல்லில் மண்டி போட்டுக் கையை நீட்டினேன். சனிக்கிழமை கணக்குப் பரீட்சை என்பது அப்போது பார்த்தா நினைவுக்கு வர வேண்டும்?

"என்னா, கை புடிச்சிக்கிச்சா?" என்றார் அக்கா.

"துணி சுத்தமா இல்லக்கா."

அக்கா விசிலால் முகவாயைத் தட்டிக்கொண்டு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தில் அந்தக் கல்லை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா அரியாங்குப்பத்து வீட்டிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். கையில் பால் பாக்கெட்.

"தொடைக்கக் கூடாது, சரி. குளிப்பாட்டலாமில்ல?" என்றார். "ஆசையா கும்புட்ட புள்ளையாரையே மேளம் அடிச்சி கடல்ல கொண்டுபோயி உடுறோம். சாமிய தொரத்தினா பாவம். வழியனுப்பினா மரியாதை."

அக்கா போட்ட சட்டத்தில் ஓட்டையே இல்லை. முதல் குடம் அக்கா ஊற்றினார், அடுத்தது ஜோசப் அண்ணன். பிராகாரம் சுற்றிய அம்மாவும் வரிசையில் நின்று பக்தியோடு ஊற்றினார். மஞ்சளும் குங்குமமும் பாலோடு கலந்து வழிந்தன. பொட்டைக் கண்டு பயந்து பின்வாங்கிய சூப்பர்வைசர், வழிந்த தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல் மறுபடியும் கல்லானது. மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் கடலில் விட ஒரு கூடையில் எடுத்து வைத்தார்கள்.

அக்கா கை கூப்பினார். "சாமி, நீ வந்ததுல எனக்கு வருத்தமில்ல. எடம்தான் சரியில்ல. இங்க யாரும் பேசக் கூடாது. ஒங்கிட்ட வர்றவங்க பேசாம இருக்க மாட்டாங்க. நல்லபடியா போயிட்டு வா."

"வேல நெலைக்கணும்னு கேட்டுக்கம்மா, போறதுக்குள்ள" என்று கிசுகிசுத்தார் சூப்பர்வைசர்.

"அத நான் பாத்துக்கறேன்." பிறகு கூட்டத்துக்கு நடுவில் விரலை நேராக என் பக்கம் நீட்டினார். "தோ நிக்குது பாரு, இந்தப் பொண்ணு. என்னாண்ட தெனம் சண்டைக்கு வரும். கணக்குல நிக்குதாம். இதுக்கு மட்டும் எதனா பண்ணிட்டுப் போ சாமி."

இத்தனை பேர் எதிரில் என் மானத்தை வாங்கிவிட்டார். ஒரு எம்.டெக் மாணவி வேறு நின்றுகொண்டிருந்தாள். சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை ஜப்பான்காரர்கள் வந்தார்கள். கல்லுக்கு எதிரில் உட்கார்ந்து பார்த்தார்கள், தலை குனிந்து வணங்கினார்கள், போனார்கள். அக்காவின் வேலை தப்பியது. கணக்கும் தேறியது. அது நான் படித்ததால்தான், இதில் எவர் குறுக்கே வந்தாலும் சண்டை போடுவேன். ஆனாலும் வேலை போகப் போகிற நேரத்தில் சாமியிடம் கிடைத்த ஒரே சான்ஸை, பெயர்கூடத் தெரியாத ஒருத்திக்காக அப்படி அலட்சியமாகச் செலவழித்த மனுஷிமேல் நான் எப்படிங்க கோபமாகவே இருப்பது?