கக்கூஸ் குழியில் ஒரு சக்கரவர்த்தி

இந்த ஒரு சமாச்சாரத்தையாவது பெண்டாட்டிக்குத் தெரியாமல் காப்பாற்றிவிடுவது என்று பழனிவேல் முடிவு செய்தார்.

2009-ல், புவனகிரி வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் குழி வெட்டும்போது மண்வெட்டியில் மாட்டியது அந்த வெள்ளிக்காசு. பல்வலி என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் போய் ஒரு சரித்திரப் பேராசிரியரிடம் காட்டினார்.

"ரோமாபுரி சக்கரவர்த்தி டைபீரியஸ். ரெண்டாயிரம் வருஷம் ஆவுது" என்றார் அவர்.

எந்தக் கப்பலில் வந்ததோ, எந்த வியாபாரியின் மடியிலிருந்து விழுந்ததோ. பஸ்ஸில் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டே வந்தார். உள்ளே சக்கரவர்த்தி இருக்கும்போது கையை எப்படி எடுப்பது?

மறுநாள் பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்தவருக்குப் பின்னால் பெண்டாட்டி விருத்தாம்பாள் வந்து நின்றாள்.

"இன்னா மாமா அது?"

"மோட்டார் வாஷர்."

"ஓட்டையே காணோம்?"

"துரு ஏறி அடைச்சிக்கிச்சு."

வாங்கிப் பார்த்தாள். சுருள் முடி, இலைக் கிரீடம், சுற்றிலும் எழுத்து. "வாஷருக்கு மூக்கு எம்மாம் எடுப்பா இருக்குது." திருப்பினாள். ஒரு அம்மாள் கையில் கொப்போடு நாற்காலியில் அமர்ந்திருந்தாள். விருத்தாம்பாள் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"ஆம்பளைக்குத் தலை மட்டுந்தான். பொம்பளைய முழுசா உக்கார வெச்சிருக்கான். மரியாதை தெரிஞ்சவன்."

"வெறும் வாஷர் புள்ள."

"வேண்டாத சாமான்தானே, நான் வெச்சிக்கறேன்."

மாட்டேன் என்றால் ஏன் என்பாள். தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் அவரையும் கிளப்பிக்கொண்டு கடலூர் மியூசியத்துக்குப் புறப்பட்டாள்.

"மண்ணுல கெடச்சது கவர்மெண்ட்டுக்குத்தான் சேரணுமாம். நீங்க பல்லு காட்டப் போன பேராசிரியர், நீங்க பஸ்ல வரும்போதே நீங்க எழுதிக் குடுத்த வீட்டு நம்பருக்குப் போன் பண்ணிட்டாரு."

பழனிவேலுக்கு நிஜமாகவே பல் வலித்தது.

மியூசியத்தில் அதிகாரி வெள்ளைத் துணியில் காசை வைத்து விளக்கைப் போட்டார். சக்கரவர்த்தியின் கன்னம் இப்போதுதான் சவரம் செய்ததுபோல் மினுங்கியது. மூவரும் மூச்சுவிடாமல் குனிந்து நின்றார்கள். இவ்வளவு அழகை ஒரு சட்டைப்பைக்குள் அடைத்து வைக்கப் பார்த்தோமே என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. விருத்தாம்பாள் சத்தமில்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் குழி வெட்டறப்போ..." என்று அதிகாரியிடம் ஆரம்பித்தார்.

"எங்க வெட்டணும்னு காட்டினது நான்தான் சார்" என்றாள் அவள்.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. கீழே ஒரு வரி: 'பழங்கால ரோமானியக் காசை ஒப்படைத்த விருத்தாம்பாள். அருகில் உறவினர் ஒருவர்.'